சாவிக்கொத்து யாரிடம்? - அலுவலகக் கடவுச்சொற்களின் கதை

எங்கள் துறை ஆய்வகத்தில் ஒரு பழைய சர்வர் இருக்கிறது. மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகள், இன்டர்னல் மதிப்பெண்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான். பதினெட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்ட ஆய்வக உதவியாளர் அண்ணன் சென்ற மே மாதம் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் முறைப்படி நடந்தது. கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஜூனில் ஒரு நாள் சர்வர் முரண்டு பிடித்தது. அண்ணனுக்குப் போன் போட்டால் காசி யாத்திரையில் இருக்கிறார். ஒருவழியாக சிக்னல் கிடைத்தபோது, "தம்பி, அது கைக்குத்தான் தெரியும், வாய்க்கு வராது. கீபோர்டு முன்னாடி உக்காந்தாத்தான் வரும்" என்றார். பத்து நாள் காத்திருந்தோம். வந்தார், உட்கார்ந்தார், இரண்டே வினாடியில் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கே துறைத்தலைவர் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கம்பெனிகள்ல இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்காமே, நாலஞ்சைப் பார்த்து எது தேறும்னு எழுதிக் குடுங்கப்பா" என்றார். அட்டவணை போட்டு ஒப்பிட்டு எழுதிக் கொடுத்தோம். அந்த அட்டவணை படு போர், அதை இங்கே போடப்போவதில்லை. ஆனால் தேடும்போது கிடைத்த வரலாறு இருக்கிறதே, அது வேறு விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கடவுச்சொல், முதல் திருட்டு

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில். அதுவரை ஒரு கணினியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு 1961-ல் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செய்து காட்டியது. ஒரே பெரிய ஐ.பி.எம். இயந்திரத்தைப் பலர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளலாம். பலர் என்று ஆனவுடன் என் கோப்பு, உன் கோப்பு என்று ஆகிவிட்டது அல்லவா? ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

எத்தனை நாள் தாங்கியது என்கிறீர்கள்? 1962-லேயே திருட்டுப் போய்விட்டது! திருடியவர் வெளியாள் இல்லை, ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கணினி ஒதுக்கியிருந்தார்கள். ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரச்சொல்லித் துளை அட்டையில் கேட்கும் வசதி ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடவுச்சொல் கோப்பின் பெயரை எழுதி அட்டையைப் போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை அத்தனை பேர் கடவுச்சொல்லும் அச்சாகிக் காத்திருந்தன. பழியைப் பங்கு போட்டுக்கொள்ள மற்றவர்களுக்கும் பட்டியலைக் கொடுத்தாராம். பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவர் என்று புகழப்பட்ட லிக்லைடர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆய்வக இயக்குநரின் கணக்கில் நுழைந்து கிண்டல் செய்திகள் எழுதி வைத்தார் என்கிறார் ஷெர். இதையெல்லாம் அவர் வெளியே சொன்னது சி.டி.எஸ்.எஸ்.சின் ஐம்பதாம் ஆண்டு மலர் வந்த சமயத்தில்தான். பல வருடம் வாயைத் திறக்கவில்லை மனுஷன்.

அதே அமைப்பில் சில வருடம் கழித்து இன்னொரு கூத்து. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் எடிட்டரைத் திறந்திருந்தார்கள். ஒருவர் திருத்தியது கடவுச்சொல் கோப்பை, மற்றவர் திருத்தியது அன்றைய அறிவிப்பை. எடிட்டர் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர்தான் வைக்கும். இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் "இன்றைய அறிவிப்பு" என்று எல்லோருடைய கடவுச்சொல்லும் வரிசையாக வந்து விழுந்தது. இந்தக் கதையைக் கோர்பட்டோவே தன் டூரிங் விருது உரையில் சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டு சம்பவத்திலும் யாரும் யாருடைய கடவுச்சொல்லையும் ஊகிக்கவில்லை. எல்லாக் கடவுச்சொல்லும் ஒரே இடத்தில் வெறும் எழுத்தாக இருந்தது, அந்த இடம் திறந்துகொண்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வருடம் கழித்தும் இதே கதைதான் வரப்போகிறது.

1979 நவம்பர்

எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. அமெரிக்கக் கணினிக் கழகமான ஏ.சி.எம்.மின் மாத இதழ் ஒன்று உண்டு. அதன் 1979 நவம்பர் இதழில் இரண்டு கட்டுரைகள், பதினைந்து இருபது பக்க இடைவெளியில். ஒன்று ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் எழுதியது. மற்றது ஆதி ஷமீர் எழுதியது, அது இரண்டே பக்கம். இன்று நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் பெட்டக மென்பொருள்களின் அடியில் போய்ப் பார்த்தால் இந்த இரண்டு யோசனைகளும் எட்டிப்பார்க்கின்றன.

மோரிஸும் தாம்ஸனும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வேலையில் இருந்தவர்கள். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காதே, ஒருவழிப் பாதையாகக் கலக்கிச் சேமி என்றார்கள். மாவை அரைத்து அரிசியாக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி. உள்ளே நுழைபவர் தட்டும் சொல்லை அதே முறையில் அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் பார்த்தால் போதும். முதலில் இவர்கள் பயன்படுத்திய முறை ரொம்ப வேகமாக இருந்தது. வேகம் இங்கே கெடுதல், ஏனென்றால் திருடனும் வேகமாக முயன்று பார்ப்பான். அதனால் வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள், அரைப்பதை 25 தடவை செய்தார்கள். கூடவே ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தார்கள். உண்மையாகவே அதற்குப் பெயர் உப்புதான்! 4096 விதமான உப்பு. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாகத் தெரியும்.

அவர்கள் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். அதில் 15 பேர் ஒரே ஒரு எழுத்தை வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டு எழுத்து. 464 பேர் மூன்று எழுத்து. இப்படிச் சுலபமாகப் பிடிபடுவதையும் அகராதியில் இருப்பதையும் கூட்டினால் 86 சதவீதம். அத்தனையும் கணினி வல்லுநர்கள் புழங்கிய இடங்கள். நம் வீட்டு வைஃபைக்கு "12345678" வைத்த சித்தப்பாவை இனிமேல் திட்டக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன் :-)

தாம்ஸன் தனக்கு என்ன வைத்திருந்தார் என்பது 2019-ல் உடைந்தது. பழைய யூனிக்ஸ் மூலநிரலோடு சேர்ந்து அந்தக் காலக் கடவுச்சொல் கோப்பும் தப்பி வந்திருந்தது. இன்றைய கிராபிக்ஸ் அட்டை ஒன்று நாலு நாளுக்கு மேல் ஓடித்தான் அவருடையதைக் கண்டுபிடித்தது. அது சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் முதல் நகர்வு, பழைய பாணிக் குறியீட்டில். மனிதர் சதுரங்கக் கணினி செய்து உலகப் பட்டம் வென்றவர் ஆயிற்றே.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1988 நவம்பர் 2-ஆம் தேதி ஒரு புழு நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதன் ஒரு ஆயுதம் 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். அந்தச் சொற்களை யூனிக்ஸ் முறைப்படி அரைத்துக் கடவுச்சொல் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ். ஆமாம், உப்புப் போட்ட மோரிஸின் மகன்! அப்பா அப்போது அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. அப்பா போட்ட பூட்டை மகன் சோதித்துப் பார்த்த கதை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா தெரியவில்லை. மகனுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் அபராதமும் கிடைத்தன.

இனி ஷமீரின் இரண்டு பக்கம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே ஒரு கம்பெனிதான். கம்பெனி காசோலைகளில் மின்னணுக் கையெழுத்துப் போட ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதை எல்லா அதிகாரிகளுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தால் வசதி, ஆனால் யாராவது ஒருவர் ஏமாற்றலாம். எல்லோரும் கூடினால்தான் கையெழுத்து என்று வைத்தால் பத்திரம், ஆனால் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் வேலை நின்றுவிடும். எந்த மூன்று பேர் சேர்ந்தாலும் போதும், இரண்டு பேரால் முடியாது என்று செய்ய முடியுமா?

நம் ஊர் வங்கி லாக்கரில் வங்கிச் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று என்று இரண்டு போட்டால்தான் திறக்கும். இரண்டு பேருக்கு அது சரி. ஆளைக் கூட்டிக்கொண்டே போனால் இரும்புப் பூட்டால் சமாளிக்க முடியாது. பதினோரு பேரில் எந்த ஆறு பேர் வந்தாலும் திறக்க வேண்டும் என்றால் 462 பூட்டும் ஆளுக்கு 252 சாவியும் வேண்டும் என்று ஒரு பழைய கணக்கை ஷமீர் அதே கட்டுரையில் காட்டுகிறார். அவர் சொன்ன விடை நாம் பிளஸ் டூவில் படித்த வடிவக்கணிதம். இரண்டு புள்ளி தெரிந்தால் ஒரு நேர்கோடு வரையலாம். ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் அதன் வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகலாம், அதாவது ஒன்றுமே தெரியாததற்குச் சமம். பரவளையத்துக்கு மூன்று புள்ளி. ரகசியத்தை வளைகோட்டின் ஒரு இடத்தில் ஒளித்துவிட்டு, மற்றப் புள்ளிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடு. முடிந்தது. கம்பெனித் தலைவருக்கு மூன்று புள்ளி, துணைத்தலைவருக்கு இரண்டு, அதிகாரிக்கு ஒன்று என்று கொடுத்தால் பதவிக்கேற்ற மரியாதையும் வந்துவிடும் என்று வேறு எழுதியிருக்கிறார். கணிதக்காரர்களுக்கும் அலுவலக அரசியல் தெரிந்திருக்கிறது!

ஒரு நகரமும் ஒரு மனிதரும்

எங்கள் உதவியாளர் அண்ணன் காசிக்குப் போனதால் பத்து நாள் போனது. சான்பிரான்சிஸ்கோ நகராட்சிக்கு 2008 ஜூலையில் நடந்தது இதன் பூதாகார வடிவம்.

டெர்ரி சைல்ட்ஸ் என்பவர் அங்கே நெட்வொர்க் பொறியாளர். நகராட்சியின் ஒளியிழை வலையமைப்பைக் கட்டியவரும் காத்தவரும் அவரே. வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். கருவிகளை நேரில் போய்த் திறந்து கடவுச்சொல்லை மீட்கும் வசதியைக்கூட முடக்கி வைத்திருந்தார். மேலதிகாரிகள் கூப்பிட்டுக் கேட்டபோது, பலர் இருக்கும் அறையில் சொல்ல முடியாது, வாங்கிக்கொள்ளத் தகுதி உள்ளவரிடம்தான் சொல்வேன் என்ற நிலையில் நின்றார். அவர் கொடுத்த சொற்கள் வேலை செய்யவில்லை. கைது செய்தார்கள். பிணைத்தொகை 50 லட்சம் டாலர். சிறைக்குள்ளும் அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் மேயர் கவின் நியூஸம் தானே சிறைக்குப் போய்ச் சந்தித்தார். அவரிடம் மட்டும் கொடுத்தார்.

இத்தனை நாளும் வலையமைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2010 ஏப்ரலில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. நாலு வருட தண்டனை. ஜூரியில் ஒரு நெட்வொர்க் பொறியாளரும் இருந்தார் என்பது கூடுதல் செய்தி.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே என்று எல்லா நிறுவனமும் எழுதி வைத்திருக்கிறது. மேலதிகாரி கேட்டால்? பத்து பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டால்? அதற்கு விதி எழுதி வைக்காதது யார் தப்பு? நாலு வருடம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. என் நண்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, "ஊர் சாவியை ஒருத்தன் இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிஞ்சா சும்மா விடுவாங்களா" என்கிறான்.

பெட்டகங்கள் வருகின்றன

தனி மனிதர்களுக்கான கடவுச்சொல் பெட்டி 1990-களிலேயே வந்துவிட்டது. குறியாக்க நிபுணர் புரூஸ் ஷ்னையர் 1997-ல் பாஸ்வேர்டு சேஃப் என்று ஒன்றை இலவசமாக விட்டார். 2003-ல் கீபாஸ், 2006-ல் ஒன்பாஸ்வேர்டு, 2008-ல் லாஸ்ட்பாஸ், 2016-ல் பிட்வார்டன். இவை எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே. ஒரு தாய்க் கடவுச்சொல்லை மட்டும் மனதில் வை, மற்றவற்றை அதால் பூட்டிவிடு.

நிறுவனங்களின் தலைவலி வேறு. அங்கே ஆபத்தானவை ஆள் பெயரில் இல்லாத கணக்குகள். சர்வரின் ரூட், தரவுத்தள நிர்வாகி, ரவுட்டர். இவற்றுக்கு ஒரே கடவுச்சொல், பத்துப் பேருக்குத் தெரியும், யாராவது வேலையை விட்டுப் போனாலும் மாறாது. இஸ்ரேலில் 1999-ல் தொடங்கிய சைபர்ஆர்க் இந்தச் சந்தையைப் பிடித்தது. அமெரிக்காவில் தைகாட்டிக் போன்றவர்கள் வந்தார்கள். நம் ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோவும் (அப்போது அட்வென்ட்நெட்) பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோ என்று ஒன்றைச் செய்து உலகம் முழுக்க விற்றது, பிறகு ஜோஹோ வால்ட் வந்தது.

இவை வேலை செய்யும் விதம் நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல. நிர்வாகி தன் பெயரில் நுழைந்து, இன்ன சர்வர் இன்ன காரணத்துக்கு வேண்டும் என்று கேட்பார். மேலதிகாரி ஒப்புதல் தருவார். வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தவுடன் பெட்டகமே அந்தச் சர்வரில் கடவுச்சொல்லை மாற்றிவிடும். அவர் நேற்றுப் பார்த்த சொல் இன்று செல்லாது. சிலவற்றில் நிர்வாகி கடவுச்சொல்லைப் பார்க்கவே வேண்டாம், பெட்டகமே திறந்துவிட்டு அவர் செய்வதைப் படம்பிடித்து வைக்கும். சைல்ட்ஸ் மாதிரி ஆள் ஒருவரின் மூளைக்குள் மட்டும் ஊரின் சாவி இருக்க முடியாது.

இவ்வளவு காசு கொடுத்து வாங்க நிறுவனங்களுக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டதா என்றால் இல்லை, பயம் வந்தது. என்ரான், வேர்ல்டுகாம் மோசடிகளுக்குப் பிறகு அமெரிக்கா 2002-ல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் போட்டது. 2004 டிசம்பரில் கடன் அட்டை நிறுவனங்கள் சேர்ந்து தங்கள் விதித்தொகுப்பைக் கொண்டுவந்தன. ஆளுக்கொரு அடையாளம் இருக்க வேண்டும், யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று காட்ட வேண்டும். தணிக்கைக்காரர் வந்து "இந்த ரூட் கணக்கில் நேற்று இரவு நுழைந்தது யார்?" என்று கேட்டால் பதில் வேண்டும் அல்லவா. பல கம்பெனிகள் இதை வாங்கியது திருடனுக்காக அல்ல, ஆடிட்டருக்காகத்தான் என்பது என் துணிபு.

மனிதரை விட்டு நிரலுக்கு

2010-களில் கதை திசை மாறியது. கடவுச்சொல் கேட்பவை பெரும்பாலும் மனிதர்களே இல்லை, நிரல்கள். ஒரு செயலி தரவுத்தளத்தோடு பேசவும், மேகக் கணினியில் கோப்பு வைக்கவும் சாவி வேண்டும். நிரலாளர் என்ன செய்வார்? நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவார். நிரல் போகிற இடமெல்லாம் சாவியும் போகும். (நானும் என் மினி ப்ராஜெக்ட்டில் இதைச் செய்து, கிட்ஹப்பில் ஏற்றிய அன்று இரவே எச்சரிக்கை மின்னஞ்சல் வாங்கினேன். காசு போகவில்லை, தூக்கம் போனது.)

உபெர் நிறுவனத்தில் 2016-ல் நடந்தது இதுதான். அவர்களது தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்த இருவர் அங்கே அமேசான் மேகத்தின் சாவியைப் பார்த்தார்கள். 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் போனது. நிறுவனம் 1 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வருடம் மூடி மறைத்தது. 2017-ல் வெளியே வந்து, பிறகு அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கிட்கார்டியன் என்ற நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் மட்டும் கிட்ஹப்பின் பொதுக் களஞ்சியங்களில் இரண்டே கால் கோடிக்கும் மேல் புது ரகசியங்கள் கசிந்திருக்கின்றன.

இதற்கு வந்த மருந்துகளில் பேர் வாங்கியது 2015 ஏப்ரலில் ஹாஷிகார்ப் வெளியிட்ட வால்ட். இதன் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிலையான கடவுச்சொல் ஒன்றைப் பூட்டி வைப்பதற்குப் பதில், நிரல் கேட்கும்போது தரவுத்தளத்தில் புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, ஒரு மணி நேரம் போலக் கெடு வைத்துக் கொடுக்கும். கெடு முடிந்தால் அந்தப் பயனரே அழிந்துவிடுவார். திருடினாலும் திருடன் விற்பதற்குள் செல்லாக்காசு.

சரி, வால்ட்டின் சொந்தச் சாவி எங்கே? ஷமீர் வந்துவிட்டார்! வால்ட் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முத்திரையிட்டுத்தான் எழும். அதன் தாய்ச் சாவி, நாமாக மாற்றாவிட்டால், ஐந்து துண்டுகளாக ஐந்து பேரிடம். மூன்று பேர் வந்து தங்கள் துண்டைத் தட்டினால்தான் திறக்கும். 1979-ன் பரவளையம் அப்படியே. ஆனால் நடுராத்திரி சர்வர் விழுந்து எழுந்தால் மூன்று பேரை எழுப்புவது யார்? அதனால் அந்த வேலையை அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவர்களின் மேகச் சாவிச் சேவையிடம் ஒப்படைக்கும் வசதி வந்தது, 2018 டிசம்பரில் அது இலவசப் பதிப்புக்கும் கிடைத்தது. மூன்று மனிதர்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு மேகக் கம்பெனி. அமேசானும் 2018-ல் சொந்தமாக ரகசிய மேலாளரைத் திறந்துவிட்டது.

பிறகு நடந்தது வியாபாரம். ஹாஷிகார்ப் 2023-ல் உரிமத்தை இறுக்கியது. கோபப்பட்டவர்கள் பழைய மூலநிரலிலிருந்து ஓபன்பாவ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு ஹாஷிகார்ப்பை வாங்குவதாக 2024-ல் அறிவித்து 2025 பிப்ரவரியில் முடித்தது. சைபர்ஆர்க்கைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்குவதாகப் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் 2025 ஜூலையில் அறிவித்தது. எந்த இயந்திரத்தில் ஷெர் திருடினாரோ அதைச் செய்த கம்பெனியிடமே ஒரு பெட்டகம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

பெட்டகம் உடையும்போது

எல்லாச் சாவியையும் ஓரிடத்தில் வைத்தால் திருடனுக்கும் முகவரி ஒன்றுதானே. 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பாஸ்வேர்டுஸ்டேட் என்ற நிறுவனப் பெட்டகத்தின் புதுப்பிப்பு வழியிலேயே விஷம் வைத்தார்கள். சுமார் 28 மணி நேரத்துக்குள் புதுப்பித்தவர்களின் ரகசியங்கள் போயின. ஒழுங்காக அப்டேட் போட்டவர்கள்தான் மாட்டினார்கள்! ஜோஹோவின் பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோவில் 2022-ல் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. திருத்தம் ஜூனில் வந்தது, ஆனால் போடாதவர்கள் தாக்கப்பட்டார்கள். செப்டம்பரில் அமெரிக்காவின் சைசா அமைப்பு அதைத் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது.

அதே செப்டம்பரில் மறுபடியும் உபெர். இந்த முறை அவர்களிடம் தைகாட்டிக் பெட்டகம் இருந்தது. உள்ளே நுழைந்தவர் சொன்னபடி, வலையில் பகிர்ந்து வைத்திருந்த ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் பெட்டகத்தின் நிர்வாகிக் கடவுச்சொல் வெறும் எழுத்தாக எழுதியிருந்தது. பீரோவை வாங்கிப் பூட்டி, சாவியை பீரோ மேலேயே வைத்த கதை.

மிக மோசமானது லாஸ்ட்பாஸ். 2022-ல் வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்பு நகல்களையே எடுத்துப் போனார்கள். அவற்றைத் திறக்கும் சாவிகளை அணுகக்கூடியவர்கள் நிறுவனத்திலேயே நாலு பேர்தான். அதில் ஒருவரின் வீட்டுக் கணினியில், படம் பாட்டு வைத்துப் பார்க்கும் ஒரு மென்பொருளின் பழைய ஓட்டை வழியாக நுழைந்து, அவர் தட்டுவதை எல்லாம் பதிவு செய்தார்கள். தாய்க் கடவுச்சொல் கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் குறியாக்கத்தில் இருந்தன, தள முகவரிகள் வெறும் எழுத்தாகவே இருந்தன. பழைய கணக்குகள் சிலவற்றில் அரைக்கும் எண்ணிக்கையை நிறுவனம் உயர்த்தாமலே விட்டிருந்தது. மோரிஸும் தாம்ஸனும் 1979-ல் "மெதுவாக அரை" என்று சொன்னதை 2022-ல் கோட்டை விட்டார்கள்.

ஒன்பாஸ்வேர்டு இங்கேதான் வேறுபடுகிறது. தாய்க் கடவுச்சொல்லோடு, உங்கள் கருவியிலேயே இருக்கும் நீளமான இன்னொரு ரகசியச் சாவியும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். சர்வரை அள்ளிக்கொண்டு போனாலும் ஊகித்துத் திறப்பது நடக்காத காரியம். பதிலுக்கு, அந்தச் சாவியையும் அவசரக் காகிதத்தையும் நீங்கள் தொலைத்தால் போச்சு. பிட்வார்டனை நம் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சர்வரைக் காப்பது நம் தலையில். கீபாஸ் ஒரே ஒரு கோப்பு, பராமரிப்பு என்று ஒன்றுமில்லை, ஆனால் யார் எப்போது பார்த்தார்கள் என்று தெரியாது, ஒருவர் விலகிப் போனால் அவரிடம் இருக்கும் நகலைப் பிடுங்க முடியாது.

சோலார்விண்ட்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒரு மாணவனாக எனக்கு இது சுட்டது. நிறுவனப் பெயரோடு 123 சேர்த்த ஒரு கடவுச்சொல் பொதுவெளியில் கிடந்ததாக 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டது. பெரிய ஊடுருவலுக்கு அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் முன்னாள் தலைமை அதிகாரி அங்கே சொன்ன பதில், அது ஒரு இன்டர்ன் செய்த தவறு என்பது. ஒரு பயிற்சி மாணவர் அப்படி ஒரு சொல்லை வைக்க முடிந்தது யாருடைய தவறு என்று கேட்க வேண்டாமா?

கோர்பட்டோ 2019-ல் தன் 93-ஆம் வயதில் இறந்தார். அதற்குச் சில வருடம் முன்பு ஒரு பேட்டியில், கடவுச்சொல் ஒரு கெட்ட கனவாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டார். அவரே சுமார் 150 கடவுச்சொற்களை மூன்று பக்கத் தாளில் எழுதி வைத்திருந்தாராம்.

எங்கள் துறையில் கடைசியில் என்ன ஆயிற்று? நான்தான் ஆசைப்பட்டு ஓபன்பாவ் நிறுவினேன். ஐந்து துண்டு, மூன்று பேர். துறைத்தலைவருக்கு ஒன்று, மூன்று ஆசிரியர்களுக்கு ஒவ்வொன்று, எனக்கு ஒன்று. பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மின்வெட்டு, யு.பி.எஸ். கைவிட்டது, சர்வர் விழுந்து எழுந்தது, பெட்டகம் முத்திரையோடு எழுந்தது. ஒரு ஆசிரியர் தேர்தல் வேலையில், ஒருவர் மகளின் பெண் பார்க்கும் சடங்குக்குத் திருநெல்வேலியில், துறைத்தலைவரின் துண்டு வீட்டில் எந்த டைரியில் என்று அவருக்கே நினைவில்லை. திங்கள்கிழமை மதியம் வரை சர்வர் அப்படியே கிடந்தது.

இப்போது கீபாஸ் கோப்பு ஒன்று இருக்கிறது. அதன் தாய்க் கடவுச்சொல்லை எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து, குறுக்கே இருவர் கையெழுத்துப் போட்டு, அலுவலக பீரோவில் வைத்திருக்கிறோம். பீரோ சாவி அலுவலக உதவியாளர் அக்காவிடம். அக்கா ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.